பதினொன்றிலிருந்து அழைப்பு இல்லை

கடல் எங்கள் தலைக்கு மேலே இருக்கிறது.
ஃப்ரீஸ்லாந்தில் இது உவமை அல்ல, அளவு:
மைனஸ் ஒன்று புள்ளி நான்கு மீட்டர்.
சமைப்பதும் உறங்குவதும் வரி கட்டுவதும்
அந்த ஆழத்தில்தான்.

பதினான்கு பம்பு நிலையங்கள்
தத்தம் தாழ்நிலத்து நீரை இறைத்து
ஒரே கால்வாயில் கொட்டுகின்றன.
கால்வாய் பொது. கரையும் பொது.
கரை உடைந்து வரும் வெள்ளம் மட்டும்
யாரோ ஒருவரின் தனிச்சொத்து.

அதனால்தான் என்னை லேவார்டனில்
மூன்றாம் மாடியில் உட்காரவைத்தார்கள்.
ஆறு திரைகள். ஒரு சொல்: நிறுத்து.
தன் வயலைக் காக்கும் பதினான்கு நல்லவர்கள்
சேர்ந்தே ஒரு கரையை உடைத்துவிடுவார்கள் —
இதைச் சொல்லித்தான் இந்த வேலையை வாங்கினேன்.
இன்றும் அது உண்மை.

ஜனவரி. வடமேற்குப் புயல்.
இரவு இரண்டு பத்துக்குச் சொன்னேன்.
பன்னிரண்டு விளக்குகள் அணைந்தன.
ஏழும் பதினொன்றும் எரிந்துகொண்டிருந்தன.

ஏழில் வீப்ரன்.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி ஏணியில் இறங்கினான்.
நீர்மானியின் மிதவையில் நாணல் சிக்கியிருந்தது.
என் திரையில் விளிம்பைத் தொட்ட நீர்
அவன் எதிரே ஒரு முழம் கீழே கிடந்தது,
காற்று அதைத் தென்கிழக்கே தள்ளியிருந்தது.
அவன் பம்பை நிறுத்தவில்லை.
விடியலில் அறுபது பசுக்கள்
உலர்ந்த வைக்கோலில் நின்றன.

பதினொன்றில் ஹில்கெ.
அவனும் நிறுத்தவில்லை.
அவன் எந்த ஏணியிலும் இறங்கவில்லை.
தம்பியின் துலிப் கிழங்குகள் மண்ணுக்குள் இருந்தன,
அவ்வளவுதான்.
ஐந்து மணிக்குக் கரை வயிறு தள்ளியது.
மணல்மூட்டைகளோடு நாற்பது பேர்
இடுப்பளவு குளிரில்.
அவர்களில் என் கணவர் யெல்மர்.
கரை நின்றது. ஏன் நின்றது என்று
எனக்கு இன்னும் தெரியாது.

திங்கட்கிழமை வாரியத் தலைவர் சொன்னார்:
எல்லாக் கைவிசைகளுக்கும் பூட்டு, சாவி இங்கே.
விவசாயிகள் சங்கம் சொன்னது:
மூன்றாம் மாடியை மூடுங்கள்.
இருவரும் அதே இரவைத்தான் சாட்சிக்கு அழைத்தார்கள்.
விதியை எழுதுவது நான்.

என் படிவத்தில் இருந்தது ஒரே கட்டம்:
உத்தரவை மீறினாரா?
இரண்டு ஆம். ஒரே மை.

ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று
வீப்ரனைக் கேட்டேன்.
"கூப்பிட்டிருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பாய்."
சொல்லியிருப்பேன்.

பிறகு ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன்:
ஏழில் அவன் இறைத்த நீர் பதினொன்றின் கரையில்
இரண்டு சென்டிமீட்டர் ஏறியிருக்கும்.
அந்த இரண்டை எந்த மேசையிலும் யாரும் எடுக்கவில்லை.
நானும்தான்.
கீழ்ப்படிந்த பன்னிரண்டு பேரில்
எத்தனை பேர் வெளியே எட்டிப் பார்த்தார்கள்
என்பதையும் ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் எழுதினேன்:
பூட்டு வேண்டாம்.
நீரைப் பார்த்தவர் கையை வைக்கலாம்.
வைத்த பத்து நிமிடத்துக்குள் மாடிக்குச் சொல்ல வேண்டும்,
ஏன் என்று அல்ல, என்ன கண்டீர் என்று.
கேட்டு முடிக்கும்வரை மாடி வாய் திறக்கக் கூடாது.
கேட்டபிறகும் மாடி 'நிறுத்து' என்றால்
அது நிறுத்துதான்.
வாரியம் ஒரு வரியை மட்டும் அடித்தது:
வாய் திறக்கக் கூடாது என்பதை.
பென்சிலால் என் சுவரில் அதை வைத்திருக்கிறேன்.

நவம்பர். நள்ளிரவு. ஏழிலிருந்து மணி.
"வடிகால் வாயில் அன்னம் ஒன்று.
பம்பை ஐந்து நிமிடம் கழித்துப் போடுகிறேன்."
சரி, போடு, என்றேன்.
"கேட்கவில்லை. சொல்கிறேன்."

மூன்று, ஐந்து, பதினான்கு,
எல்லாரும் கூப்பிடுகிறார்கள், சில இரவுகளில் அதிகமாகவே.
பதினொன்றிலிருந்து மட்டும்
பத்து மாதமாக ஒரு அழைப்பும் இல்லை.
அமைதியாக இருப்பது நீரா, ஹில்கெயா?
திரையில் பச்சை விளக்கு.

கோட்டை எடுத்துக்கொண்டு
படியிறங்குகிறேன்.